ஈரத்துணியில் ஒரு சந்தனப் பொட்டு

மழை பெய்ததற்கு ஒரு மனிதனைக் குற்றவாளியாக்க முடியும் என்பதை நான் விருதுநகரில், கணிதம் சொல்லிக்கொடுக்கும் கல்லூரியில் வைத்தே பார்த்தேன். ஆக்கியவர்கள் படிக்காதவர்கள் அல்ல. அவர்களில் ஒருவர் வெளிநாடு போய் வானத்தைப் பற்றிப் படித்துவிட்டு வந்தவர். அறுபதுகள் முடியப்போகின்றன, எனக்கும் நாற்பத்தைந்து ஆகிவிட்டது. இரத்தக்கொதிப்பு இருக்கிறது, கோபப்படாதீர்கள் என்று டாக்டர் சொல்கிறார். எதை நினைத்துக் கோபப்படக் கூடாது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். கோபத்தில் எழுதுகிறவன் வரிசை தவறக்கூடாது என்பது என் பழக்கம். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

வெளிநாடு போய்வந்தவர் எங்கள் கல்லூரியின் பௌதிகத் துறைத்தலைவர். திரும்பி வந்த வருடமே பௌதிகக் கட்டடத்துக்குப் பின்னால், கரிசல் தரையில், நான்கு கால்களில் நிற்கும் ஒரு வெள்ளை மரப்பெட்டியை நட்டார். பக்கங்களில் ஜன்னல் சட்டம்போலச் சாய்வான பலகைகள். உள்ளே இரண்டு தெர்மாமீட்டர்கள் தொங்கும். ஒன்று வெறும் தெர்மாமீட்டர், மற்றதன் குமிழில் வெள்ளைத் துணி சுற்றி, துணியின் வாலை ஒரு சிறு தண்ணீர்ப் புட்டிக்குள் விட்டிருக்கும். துணியிலுள்ள நீர் ஆவியாகும்போது அந்தத் தெர்மாமீட்டர் குளிர்ந்து குறைவாகக் காட்டும். காற்று வறண்டிருந்தால் நிறையக் குறையும், ஈரமாக இருந்தால் கொஞ்சம்தான் குறையும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துக் காற்றில் எவ்வளவு ஈரம் என்று சொல்லலாம். இதில் மாயம் ஒன்றும் இல்லை.

இதை வைத்துக்கொண்டு துறைத்தலைவர் செய்ய விரும்பியதுதான் பெரிய காரியம். புரட்டாசி, ஐப்பசியில் எங்கள் பக்கம் மதியத்துக்கு மேல் திடீரென்று திரண்டு அடிக்கும் இடிமழையைக் காகிதத்தில் முன்கூட்டியே பெய்யவைத்துப் பார்ப்பது. வானத்தைத் தரையிலிருந்து மேலே அடுக்கடுக்காகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு அடுக்கிலும் காலையில் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று எழுத வேண்டும். மேல் அடுக்குகளுக்கான எண்கள், பலூன் விடும் இடத்திலிருந்து தந்தியில் வரும். தரை அடுக்குக்கு எங்கள் பெட்டி. பிறகு வெயில் ஏற ஏறத் தரைக்காற்று சூடாகி மேலே கிளம்பினால் ஒவ்வொரு அடுக்கிலும் என்ன ஆகும் என்று கால் மணிக்கொரு தடவையாகக் கணக்குப் போட்டுக்கொண்டே போக வேண்டும். அவர் படித்த ஊரில் இதற்கு அறை நிறைய இயந்திரம் இருந்ததாம். எங்களிடம் இருந்தது கைப்பிடியைச் சுற்றினால் பெருக்கும் சிறு கணக்கு இயந்திரம் ஒன்றும், என் துறையிலிருந்து அவர் கேட்டு வாங்கிக்கொண்ட நானும்.

இதைக் கேள்விப்பட்டுச் சிவகாசிப் பட்டாசு முதலாளிகள் சிலர் வந்தார்கள். அவர்களுக்கு மழை வெறும் மழை அல்ல. மருந்து பூசிய சரக்கை வெட்டவெளியில், மேடைகளின்மேல் தட்டுத்தட்டாகக் காயவைப்பார்கள். அந்தக் களத்தில் தூறல் விழுந்தால் சரக்கு வீணாகும். மருந்தில் சிலவகை ஈரம் பட்டால் சூடேறித் தானாகவே பற்றும். ஆகவே துறைத்தலைவர் தினமும் பதினோரு மணிக்குச் சிவகாசிக்கு டெலிபோனில் ஒரே வார்த்தை சொல்வது என்று ஏற்பாடாயிற்று. "உண்டு" அல்லது "இல்லை". "உண்டு" என்றால் சரக்கைப் பரப்பமாட்டார்கள். களத்து வேலைக்கு வந்த பெண்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அன்றைக்குக் கூலி இல்லை. "இல்லை" என்றால் முழுக் களமும் விரியும்.

இனி, குற்றவாளியைச் சொல்ல வேண்டும். பௌதிக லேபின் அட்டெண்டர். மல்லாங்கிணறுக்காரர். என் வயதுதான் இருக்கும். வெள்ளைப் பெட்டியைத் துடைப்பது, புட்டியில் தண்ணீர் ஊற்றுவது, துணி மாற்றுவது எல்லாம் அவர் வேலை. வாய் சும்மா இருக்காது. கல்லூரியில் பல வருடமாகத் தற்காலிகம். அந்தத் தீபாவளிக்குள் நிரந்தரம் ஆக்குவதாக நிர்வாகக் கமிட்டி சொல்லியிருந்தது. அவருக்கு அது தன் காரியம் மட்டும் அல்ல. அவர் மனைவி சிவகாசி ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் காயவைக்கும் களத்தில் வேலை பார்த்தார். "நான் பெர்மனென்ட் ஆன அன்னைக்கே அவ களத்த விட்டு நின்னுரணும் சார். மருந்து வாடையோட வர்றவளப் பாத்தாலே எனக்குப் பகீர்ங்குது" என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆவணியில் ஒரு நாள், தப்பு வராமல் இருக்க அதே கணக்கை இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தோம். நானும் பௌதிகத் துறை டெமான்ஸ்ட்ரேட்டரும். அவர் முடிவில் வானம் சுத்தமாக இருந்தது. என் முடிவில் மூன்று மணிக்கு மேகம் உச்சி அடுக்குவரை போய் இடித்துக்கொண்டு நின்றது. ஒருவர் எங்கோ கூட்டலில் பிசகியிருக்கிறார் என்று இரண்டு பேரும் ஒருவர் தாளை ஒருவர் வரிவரியாகச் சரிபார்த்தோம். பிசகு இல்லை. நடுப்பகல்வரை இரண்டு தாள்களும் ஏறக்குறைய ஒன்றாகவே போயின. ஒரு மணிக்கு மேல் சற்று விலகின. அதற்குப் பிறகு அவை வேறுவேறு ஊர்களின் வானமாகிவிட்டன.

காரணத்தைக் கடைசியில் முதல் வரியிலேயே கண்டுபிடித்தோம். ஈரத்துணித் தெர்மாமீட்டரில் பாதரசம் இரண்டு கோடுகளுக்கு இடையில் நின்றிருந்தது. அதை அவர் சற்றுக் கீழாக வாசித்திருந்தார், நான் சற்று மேலாக. இரண்டுமே நியாயமான வாசிப்புகள். வித்தியாசம் கால் டிகிரிகூட இல்லை. அந்த நாட்களில் எங்கள் வானத்தில், தரைக்குச் சற்று மேலே ஒரு வெப்ப அடுக்கு உலைப்பானை மூடிபோல உட்கார்ந்திருக்கும். தரைக்காற்றில் ஈரம் அந்த அளவு இருந்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கிவிடும். ஒரு துளி குறைந்தால் மூடிக்குள்ளேயே அடங்கிப்போகும். பொங்குவதற்கும் அடங்குவதற்கும் நடுவில் பாதி மழை என்று ஒன்று கிடையாது.

இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு துறைத்தலைவரிடம் போனேன்.

"சராசரி எடுங்க" என்றார்.

"மழையையும் மழை இல்லாததையும் எப்படி சார் சராசரி எடுக்கிறது?"

"அப்ப நல்லா வாசிச்சதை எடுத்துக்கங்க."

"ரெண்டும் நல்லா வாசிச்சதுதான் சார்."

நான் ஒரு யோசனை சொன்னேன். தினமும் ஒரு எண்ணை மட்டும் வைத்துக் கணக்குப் போடாமல், அதற்குச் சற்று மேலே ஒன்று, சற்றுக் கீழே ஒன்று என்று மூன்று கணக்குப் போடுவோம். மூன்றும் ஒரே விடை தரும் நாட்கள் நிறைய உண்டு, அன்று தைரியமாக "உண்டு", "இல்லை" என்று சொல்லலாம். மூன்றும் பிரிந்துபோகும் நாளில் "இன்று சொல்ல முடியாது" என்று சொல்வோம். அதைக் கேட்டால் முதலாளிகள் பாதிக் களத்தை மட்டும், ஷெட்டுக்குப் பக்கத்திலேயே பரப்புவார்கள், ஓடி எடுக்க வசதியாக இருக்கும்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. கணக்கில் தோற்ற மாணவனைப் பார்க்கும் பார்வை.

"இன்னைக்குச் சொல்ல முடியாதுன்னு சொல்ல நாம எதுக்குய்யா? ரோட்டுல மாடு பத்திட்டுப் போறவனும் அதத்தான் சொல்றான். ஒரு வார்த்தை சொல்றதாச் சொல்லியிருக்கேன். ஒரு வார்த்தைதான் சொல்லணும்."

ஆக, கால் டிகிரியில் எங்கள் கணக்கு தலைகீழாகும் என்பது ஆவணியிலேயே அவருக்குத் தெரியும். இதைப் படிப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு ஆயுதபூஜை வந்தது. எங்கள் பக்கம் ஆயுதபூஜை என்றால் வத்தல் மண்டித் தராசிலிருந்து எண்ணெய் ஆலைச் செக்குவரை எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் பூசி, குங்குமம் வைப்பார்கள். கல்லூரியிலும் அப்படியே. அட்டெண்டர் லேபில் இருந்த தராசுகள், லென்ஸுகள், எங்கள் கணக்கு இயந்திரம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். வெள்ளைப் பெட்டியைக் கழுவி நான்கு கால்களுக்கும் வைத்தார். உள்ளே இருந்த தெர்மாமீட்டர்கள் இரண்டுக்கும் வைத்தார். மற்றதெல்லாம் எங்கே வைத்தால் என்ன, ஈரத்துணி சுற்றிய குமிழின் மேலேயே, துணியின் நடுவில், அழகாக ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். கற்பூரம் காட்டியவர் துறைத்தலைவர். தட்டைப் பெட்டிக்கு உள்ளே நீட்டிச் சுற்றினார். பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களில் நானும் ஒருவன். எல்லோரும் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு கலைந்தோம்.

விடுமுறை முடிந்து வந்த பிறகும் அந்தப் பொட்டு இருந்தது. காலையில் பெட்டியைத் திறக்கும் ஒவ்வொருவரும் அதைப் பார்த்தோம். துறைத்தலைவரே திறந்து பார்த்த நாட்களும் உண்டு. யாரும் துடைக்கவில்லை. பூஜையில் வைத்த பொட்டு தானாக உதிரும்வரை இருக்கட்டும் என்றுதான் விடுவோம். அதை அழிக்க எங்களில் எவருக்கும் கை வராது. அது ஒரு பிழையாக இருக்கலாம் என்ற நினைப்பே எழவில்லை. சந்தனம் காய்ந்து துணியில் ஏறிவிட்டால் நீர் சரியாக ஊறாது, சரியாக ஆவியாகாது, தெர்மாமீட்டர் குளிரவேண்டிய அளவு குளிராது. காற்றில் இருப்பதைவிட அதிக ஈரம் இருப்பதாகக் காட்டும். படித்தவர்கள் நாங்கள்தான்.

அந்த வாரம் தினமும் "உண்டு" என்றே கணக்கு வந்தது. தினமும் சிவகாசிக்கு "உண்டு" போயிற்று. தினமும் வெயில் கொளுத்தியது. தீபாவளிக்குக் கடைசி லோடு ஏற்றவேண்டிய சமயம் அது. களத்துப் பெண்கள் காலையில் வந்து, பதினோரு மணிக்குக் கூலியில்லாமல் திரும்பிப் போனார்கள்.

அட்டெண்டர் என் அறைக்கு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், எம் பொஞ்சாதி ஒண்ணு கேக்கச் சொன்னா."

"என்ன?"

"உங்க காலேஜுக்குள்ள பெய்யுற மழைக்கு எங்களுக்கு ஏன் கூலி இல்லேங்குறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல. குடையப் பிடிச்சுக்கிட்டுத்தான் வேலை பாக்கோம்னு சொன்னேன். ஒரு நாளு சோறு வைக்கல."

சிவகாசியிலிருந்து முதலாளிகளின் சார்பில் பேசியவர் அவ்வளவு சிரிப்பாகப் பேசவில்லை. "இங்க வானம் வெளுத்துக் கெடக்கு. எங்களுக்கு வயிறுதான் எரியுது. ஆர்டரெல்லாம் வடக்கே காத்துக்கெடக்கு. இனிமே நீக சொல்லவே வேண்டாம், நாங்களே வானத்தப் பாத்துக்கிடுதோம்" என்று டெலிபோனில் கத்தியது எனக்கே கேட்டது. துறைத்தலைவர் வெள்ளைக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஈரத்துணி அளவை நான் எழுதிக்கொண்டு வந்ததும், அவர் சிவப்புப் பென்சிலை எடுத்து அதிலிருந்து அரை டிகிரி கழித்தார்.

"எதுக்கு சார் கழிக்கிறீங்க?"

"கருவி கொஞ்சம் கூடக் காட்டுது."

"ஏன் கூடக் காட்டுதுன்னு பாத்துட்டுக் கழிப்போமே. எவ்வளவு கூடன்னும் தெரியலையே."

"பார்க்கலாம், பார்க்கலாம். முதல்ல கணக்கை முடிங்க."

பெட்டி அவர் ஜன்னலிலிருந்து கூப்பிடு தூரம். நடந்து போய்ப் பார்த்திருந்தால் துணியை மாற்றியிருக்கலாம், சரியான அளவு கிடைத்திருக்கும். முந்தைய நாட்களில் கேட்ட ஏச்சு நிற்க வேண்டும் என்பதற்காக ஒரு எண்ணைக் குறைத்தார். குறைத்த அரை டிகிரி வானத்திலிருந்து வந்ததல்ல, டெலிபோனிலிருந்து வந்தது.

நான் மூன்று கணக்குப் போட்டேன். டெமான்ஸ்ட்ரேட்டரும் நானும் கைப்பிடியை மாற்றி மாற்றிச் சுற்றினோம். வாசித்த அளவை அப்படியே வைத்தால் மூன்று மணிக்குப் பலமான இடிமழை. அரை டிகிரி கழித்தால் தெளிந்த வானம். கால் டிகிரி கழித்தால் மேகம் பாதிவரை எழும்பி, கொஞ்சம் யோசித்துவிட்டு, உட்கார்ந்துவிட்டது. மூன்று தாள்களையும் அவர் மேசையில் வரிசையாக வைத்தேன்.

"இன்னைக்குப் பிரியுது சார். இன்னைக்குச் சொல்ல முடியாதுன்னு சொல்லுங்க. இந்த ஒரு நாள் சொல்லிப் பாருங்க."

அவர் அரை டிகிரி கழித்த தாளை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் என் பக்கம் தள்ளினார். "கணக்கு வாத்தியாருக்கு ஒரு கணக்குக்கு மூணு விடை. பசங்க கேட்டா சிரிப்பானுங்க" என்றார். அவரே சிரித்துக்கொண்டார். பிறகு டெலிபோனைச் சுற்றி, ஒரு வார்த்தை சொன்னார். "இல்லை."

அன்று மதியம் நான் இரண்டாம் ஆண்டு வகுப்பில் இருந்தேன். திடீரென்று வெளிச்சம் மஞ்சளாயிற்று. மண்டிகளில் காய்ந்த வத்தலின் நெடியைக் காற்று மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்து வகுப்புக்குள் கொட்டியது. பையன்கள் தும்மிக்கொண்டே எழுந்து ஜன்னல்களைச் சாத்தினார்கள். பிறகு இடி. ஓட்டுக்கூரைமேல் கல் விட்டெறிந்ததுபோல ஆலங்கட்டி. கரும்பலகையில் பாதி எழுதிய வரியோடு நின்றுவிட்டேன். எனக்கு அந்த நேரத்தில் கணக்கு நினைவில் இல்லை. சிவகாசி ரோட்டில் முழுக்க விரித்துப் போட்ட களங்கள்தான் கண்முன் வந்தன.

அட்டெண்டர் மழையிலேயே ஓடிப்போனார், யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் வந்தவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. மழை இறங்கியதும் களத்துப் பெண்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஷெட்டை நோக்கி ஓடியிருக்கிறார்கள். "சரக்க விடாதீக, சரக்க விடாதீக" என்று மேஸ்திரி கத்திக்கொண்டிருந்திருக்கிறான். நனைந்த தட்டு ஒன்று ஷெட் வாசலில் வைத்தே சீறிப் பற்றியது. அதைத் தூக்கி வந்த பெண் வெளியே எறிந்துவிட்டாள், இல்லாவிட்டால் ஷெட்டே போயிருக்கும். அவள் வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெந்துபோயிற்று. அவள்தான் எங்கள் அட்டெண்டரின் மனைவி.

அந்தப் பெண்ணுக்கு உயிர் போகவில்லை என்பதைச் சொல்லி எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. நான் ஆறுதல் கேட்கவில்லை.

அட்டெண்டர் ஆஸ்பத்திரியில் மனைவியோடு இருந்த நாட்களில் கல்லூரியில் வேறு வேலை நடந்தது. சரக்குப் போன முதலாளிகளுக்குக் காரணம் சொல்ல வேண்டும். துறைத்தலைவர் கமிட்டி உறுப்பினர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வெள்ளைப் பெட்டிக்குப் போனார். திறந்து, ஈரத்துணியை விரலால் தொட்டுக் காட்டினார். சந்தனம் ஓடுபோல இறுகியிருந்தது. "பாருங்க. இப்படி இருந்தா எவன் கணக்குப் போட்டாலும் தப்பாத்தான் வரும்" என்றார். கற்பூரத் தட்டைப் பிடித்த அதே கை. நான் பின்னால் நின்றிருந்தேன்.

கமிட்டி கூடியபோது என்னை அழைக்கவில்லை. நானாகப் போனேன். பருப்பு, எண்ணெய் வித்து, வத்தல் வியாபாரிகள்தான் கமிட்டி. ஊருக்குக் கல்லூரி வேண்டும் என்று கைப்பணம் போட்டவர்கள். அதை நான் மறக்கவில்லை. அவர்களில் மூத்தவர் எண்ணெய் வித்து மொத்த வியாபாரி. எல்லோரும் அவரை அண்ணாச்சி என்பார்கள். அவர்முன் என் தாள்களைப் பரப்பினேன். ஒவ்வொன்றையும் எடுத்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சாரே, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தச் சந்தனத்த வைக்காம இருந்தா, அன்னைக்குக் கணக்கு சரியா வந்திருக்குமா, வந்திருக்காதா?"

"தெரியாது அண்ணாச்சி."

"தெரியாதுன்னு சொல்லவா இம்புட்டுக் காகிதம் கொண்டாந்தீக?"

யாரோ சிரித்தார்கள். நான் விடவில்லை.

"சந்தனம் இருந்த கணக்கு மழை உண்டுன்னுதான் சொல்லுச்சு அண்ணாச்சி. அரை டிகிரி கழிச்ச கணக்குதான் இல்லேன்னு சொல்லுச்சு. கழிச்சது அட்டெண்டர் இல்ல. சுத்தமான துணியே இருந்தாலும் கால் டிகிரி இங்கிட்டு அங்கிட்டு ஆனா விடை மாறியிருக்கும். ஆவணியிலேயே மாறுச்சு. அது ஒருத்தர் தப்பால வர்றதில்ல. அந்த மாதிரி நாள்ல ஒரே வார்த்தையில சொன்னதுதான் தப்பு."

அண்ணாச்சி துறைத்தலைவர் பக்கம் திரும்பினார். துறைத்தலைவர் பதற்றமே இல்லாமல் சொன்னார்:

"சந்தனம் இல்லாட்டி முந்தின நாளெல்லாம் தப்பு வந்திருக்காது. தப்பு வராட்டி நான் கழிச்சிருக்கவே மாட்டேன்."

அறையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். கேட்க நியாயமாக இருந்தது, அதுதான் அதில் இருந்த அயோக்கியத்தனம். ஒரு துளியில் புரண்டுவிடும் கணக்கில், எந்தத் துளியை வேண்டுமானாலும் காட்டி "இதுதான் காரணம்" என்று சொல்லலாம். பாதரசத்தை வாசித்த என் கண்ணைச் சொல்லலாம். பலூன் விட்டவரைச் சொல்லலாம். அன்று காலை பெட்டிப் பக்கம் குப்பை கூட்டிவிட்டுத் தண்ணீர் தெளித்தவளைச் சொல்லலாம். இத்தனையில் யார் தற்காலிகமோ அவரைச் சொன்னார்கள். இதை அங்கேயே சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். "சார், உட்காருங்க, தண்ணி குடிங்க" என்றார் ஒருவர்.

தீர்ப்பைக் கருணை என்று நினைத்துத்தான் கொடுத்தார்கள். அட்டெண்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்: அனுமதியின்றி நான் கருவிகளுக்குச் சந்தனம் வைத்ததாலேயே கணக்கு பிசகியது, அன்று மழையில் ஏற்பட்ட சேதங்களுக்கு என் செயலே காரணம், வருந்துகிறேன். கொடுத்தால் தீபாவளி முதல் நிரந்தரம். கொடுக்காவிட்டால் அத்தோடு நின்றுகொள்ளலாம். சிவகாசிக்குக் காட்ட ஒரு காகிதம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நான் அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். ஊர் ஓரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒற்றை அறை. அவர் மனைவி கையை வாழையிலையில் வைத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கை வீங்கிப் பளபளவென்று இருந்தது. வேறொரு பெண் கொடுத்துவிட்டுப் போன இருக்கன்குடி மாரியம்மன் கோயில் திருநீறு நெற்றியில் இருந்தது.

"வாங்க சார், உக்காருங்க. சாப்பிட்டீகளா?" என்றார்.

நான் விஷயத்துக்கு வந்தேன். கையெழுத்துப் போட வேண்டாம் என்று அட்டெண்டரிடம் சொன்னேன். அது பொய். உங்கள் மனைவியின் கை வெந்ததற்கு நீங்களே காரணம் என்று நீங்களே எழுதிக் கொடுப்பது. நான் பல்கலைக்கழகத்துக்கு எழுதுகிறேன், தாள்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, வேறு இடத்தில் வேலைக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். அட்டெண்டர் வாய் சும்மா இருந்து அன்றுதான் பார்த்தேன். தரையைப் பார்த்தபடி, "நான் சாமிக்குன்னு வெச்சேன் சார்" என்றார். அவ்வளவுதான்.

மனைவிதான் பேசினார்.

"ஏங்க, என்ன எழுதணுமாம்? மழைக்கு நீகதான் காரணம்னா?"

"ஆமா."

"போட்டுக் குடுத்துட்டு வாங்க. இம்புட்டுப் பெரிய மழைய ஒத்தப் பொட்டுல எறக்குன ஆளுன்னு ஊரு பேசட்டும். கோடைக்குத் தண்ணி இல்லேன்னா நாமளே எறக்கிக்கிடலாம்."

அட்டெண்டர் சிரிக்க முயன்றார், முடியவில்லை. நான், "அம்மா, இது விளையாட்டு இல்ல. காலத்துக்கும் அந்தத் தாள் ஆபீஸ்ல இருக்கும்" என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"சார், நீக எங்களுக்காகத்தான் சண்ட போடுதீக, தெரியும். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இவரு கையெழுத்துப் போடலேன்னா, கை ஆறுனதும் நான் மறுபடி அந்தக் களத்துக்குப் போகணுமா, வேண்டாமா?"

அதற்கு மூன்று விடை கிடையாது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் அவர் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றேன். டெமான்ஸ்ட்ரேட்டர் போட்டார், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. அந்தத் தீபாவளிக்கு அட்டெண்டர் நிரந்தரமானார். அவர் மனைவி அதன்பிறகு களத்துப் பக்கம் போகவில்லை. வலது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. இடது கையால் கோலம் போடப் பழகிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன்.

சிவகாசிக்காரர்கள் டெலிபோனில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். துறைத்தலைவர் அடுத்த வருடம் பெரிய ஊரில் பெரிய கல்லூரிக்குப் போனார். பிரிவு உபசாரத்தில், இடிமழைக் கணக்கைத் தென் ஜில்லாக்களில் முதன்முதலில் செய்துபார்த்தவர் என்று பாராட்டினார்கள். மாலை போட்டார்கள். நான் மேசைமேல் இருந்த காராச்சேவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் புறப்படுவதற்கு முன் ஒரு சுற்றறிக்கை எழுதி வைத்துவிட்டுத்தான் போனார்: ஆயுதபூஜையன்று வெள்ளைப் பெட்டிக்கு உள்ளே பொட்டு வைக்கக் கூடாது. அதை இன்றுவரை கடைப்பிடிக்கிறார்கள்.

பெட்டி அங்கேயே இருக்கிறது. அட்டெண்டர்தான் துணி மாற்றுகிறார். புரட்டாசியில், மதியத்துக்கு மேல் தெற்கே கறுத்துக்கொண்டு வந்தால், ஆசிரியர் அறையில் எவராவது எட்டிப் பார்த்து, "என்னய்யா, இன்னைக்கு மழைய அனுப்பிட்டீரா?" என்பார்கள்.

அவரும் தயாராக வைத்திருப்பார். "இல்ல சார், இன்னைக்கு நான் லீவு. இது வேற ஆளு."

அறை முழுவதும் சிரிக்கும். போன வாரமும் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் விடைத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு போகும்போது என் மேசையருகே நின்றார்.

"எழுதிக் குடுத்தவன் நானே சிரிக்கேன். நீக ஏன் சார் இன்னும் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீக?"

"நான் எழுதிக் குடுக்கலையே" என்றேன்.

வெளியே முதல் துளிகள் விழத் தொடங்கியிருந்தன. அவர் டம்ளர்களை அப்படியே வைத்துவிட்டு, பெட்டிக் கதவைச் சாத்த ஓடினார்.